சத்தம் கூடினால்

எங்கள் ஊர் முடிவெட்டும் கடையில் ரேடியோ சத்தம் திடீரென்று கூடினால், ரேடியோவுக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறவர்கள் ஏதோ முக்கியமாகப் பேசப் போகிறார்கள் என்று அர்த்தம். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஆறு வயதிலிருந்து மாதம் ஒரு தடவை அந்தக் கடையில் தலையைக் கொடுத்துக் கொடுத்து நானாகத் தெரிந்துகொண்டது.

எங்கள் ஊரான ஆயர் ஈத்தாம் பினாங்குத் தீவில் மலைகள் மூன்று பக்கமும் வளைத்துக்கொண்ட ஒரு குழி. பெயருக்கு மலாய்மொழியில் கருப்புத் தண்ணீர் என்று பொருள். ஆற்றைப் பார்த்தால் பெயர் வைத்தவரைக் குறை சொல்லத் தோன்றாது. தலைக்கு மேலே கெக் லோக் சி கோயிலின் ஏழடுக்குக் கோபுரம். அதற்கும் மேலே 1962-இல் கட்டி முடித்த அணைக்கட்டு. இன்னொரு பக்கம் பினாங்கு மலையும் அதில் ஏறி இறங்கும் மலைரயிலும். அப்பாவுக்கு அந்த ரயிலில்தான் வேலை. அப்போது அது இப்போதுபோல ஒரே மூச்சில் உச்சிக்குப் போகாது. பாதி வழியில் எல்லோரும் இறங்கி வேறு வண்டி மாற வேண்டும். இழுவைக் கம்பிக்குக் கிரீஸ் போட்டுவிட்டு வரும் அப்பாவின் விரல் இடுக்கில், எந்தச் சவுக்காரம் போட்டுத் தேய்த்தாலும் ஒரு கறுப்பு மிச்சம் இருக்கும்.

அந்த நாளில் ஜார்ஜ்டவுனிலிருந்து வரும் 1-ஆம் நம்பர் பஸ் மார்க்கெட்டோடு நின்றுவிடும். மலைரயிலுக்குப் போக அங்கே இறங்கி 8-ஆம் நம்பருக்குக் காத்திருக்க வேண்டும். காத்திருக்கும் இடத்துக்கு எதிரேதான் கடை. டவுன் சேதியோ மலைச் சேதியோ, எது வந்தாலும் அந்தக் கடை வாசலில் பத்து நிமிடமாவது நின்றுதான் போகும்.

ஒரு பக்கம் ஆசாம் லக்சா விற்கும் கடை. மறுபக்கம் கெக் லோக் சிக்குப் போகிறவர்களுக்கு ஊதுபத்தி விற்கும் சீனப் பெரியவர் ஆ பெக்கின் கடை. இடையில் நடுத்துண்டு போல எங்கள் கடை. மீன் கொதிக்கும் வாடை, புளி, பெலாச்சான், காந்தான் பூ எல்லாம் இடப்பக்கச் சுவரைத் தாண்டி வரும். வலப்பக்கமிருந்து சந்தனப் புகை வரும். நடுவில் மாமாவின் குட்டிக்கூரா பவுடர். இன்றைக்கும் யாராவது லக்சாக் கிண்ணத்தைக் கையில் கொடுத்தால் எனக்குப் பிடரி கூசுகிறது.

முடிவெட்டுகிறவரை மாமா என்று ஊரே அழைத்தது. எனக்கும் அவர் மாமாதான். இரண்டு நாற்காலிகள், எதிரெதிரே இரண்டு பெரிய கண்ணாடிகள். சிறுவர்களுக்கு நாற்காலிக் கைகளின் மேல் குறுக்கே ஒரு பலகை போடுவார். அதில் ஏறி உட்கார்ந்தால் கண்ணாடிக்குள் கண்ணாடியாக நூறு நான் தெரிவேன். நூறு பேரின் தலைக்கு மேலும் நூறு ரேடியோ. பிள்ளைகளுக்கு ஒரு வெள்ளி, பெரியவர்களுக்கு இரண்டு. கையால் அமுக்கும் கட்டிங் மெஷின் அவ்வப்போது முடியை வெட்டாமல் பிடுங்கும். நான் துள்ளினால், "ரேடியோவக் கேளு தம்பி, வலிக்காது" என்பார்.

அந்த ரேடியோ பழைய பிலிப்ஸ். முன்பக்கம் தங்க நூல் ஓடிய துணி, உள்ளே வால்வுகள். சுவிட்சைப் போட்டதும் பேசிவிடாது. முதலில் தூசி கருகும் வாடை வரும், பிறகு ஒரு முனகல், அப்புறம்தான் மனிதக் குரல். தண்ணீர்மலை முருகன் படத்துக்குப் பக்கத்தில், எட்டிப் பிடிக்கும் உயரத்துப் பலகையில் அதை வைத்திருந்தார். மலைக்குழியில் அலை சரியாக எடுக்காது என்று பின்னாலிருந்து ஒரு கம்பியை இழுத்துத் தகரத் தண்ணிக்குழாயில் சுற்றியிருந்தார். மழை பெய்து குழாயில் தண்ணீர் ஓடினால் செய்தி வாசிப்பவர் குளித்துக்கொண்டே வாசிப்பது போலிருக்கும். இடப்பக்கக் குமிழ்தான் சத்தத்துக்கு. சவர நுரைக் கையால் திருகித் திருகி, குமிழின் வெள்ளைப் புள்ளியும் சுற்றியிருந்த எண்களும் அழிந்துபோயிருந்தன. எவ்வளவு சத்தம் வைத்திருக்கிறார் என்பதை வேறொன்று சொல்லும். முக்கால்வாசியைத் தாண்டினால் பலகையின் மறு ஓரத்திலிருந்த தகரத் தட்டில் சவர பிளேடுகள் கிணுகிணுக்கும்.

கேட்டது மலேசிய வானொலியின் தமிழ்ப் பகுதி. பின்னாளில் ரேடியோ ஆறு என்றும், 2005-இல் மின்னல் எஃப்.எம். என்றும் பெயர் மாறியது. எங்களுக்கு அது வெறும் 'அங்காசாபுரி'. கோலாலம்பூரில் அப்படி ஒரு கட்டடம் இருக்கிறது, அங்கே இருப்பவர்கள் எல்லோரும் சதா சலவைச் சட்டையோடு இருப்பார்கள் என்று நான் நம்பினேன். குரல் அப்படி. அங்கிருந்து பாட்டு வரும், நாடகம் வரும், நேயர் விருப்பத்தில் முழு ஊர்ப் பெயரும் வீட்டுப் பெயரும் வரும். ஆனால் கடையில் இருந்தவர்களுக்குப் பிடித்தது பேச்சு. இனிப்பு நீர் வியாதி பற்றி ஒரு டாக்டர் பேசுவார். பிள்ளைகளுக்குத் தமிழ்ப்பள்ளியா தேசியப்பள்ளியா என்று இருவர் நயமாக வாதாடுவார்கள். தைப்பூசத்துக்கு முந்தின வாரம் காவடியின் தத்துவத்தை ஒருவர் விளக்குவார். தத்துவம் முடிந்ததும், "அவருக்கு அலகு குத்துனா தத்துவம் ஞாபகம் இருக்குமா?" என்று கடைக்கு வழக்கமாக வரும் துறைமுக அண்ணன் கேட்பார்.

அந்தப் பேச்சின் தமிழ் வேறு. 'பசியாறிட்டீங்களா' என்று கேட்டுத்தான் எங்கள் ஊரில் காலை தொடங்கும். ரேடியோவில் யாரும் பசியாறி நான் கேட்டதில்லை. அவர்கள் காலை உணவு உட்கொள்வார்கள். நாங்கள் சடக்கில் நடப்போம், அவர்கள் சாலையில். நாங்கள் காடியில் போனால் அவர்கள் மகிழுந்தில் போவார்கள். மாமாவுக்கு இரண்டு தமிழும் வரும். ரேடியோத் தமிழை அவர் சவரக்கத்தியைத் தோல்பட்டையில் தீட்டும்போது மட்டும் பேசுவார். "அன்பார்ந்த நேயர்களே, அடுத்ததாக உங்கள் கழுத்து."

வாத்தியார் ஒருவர் வருவார். அவர் சிரிக்க மாட்டார். வானொலித் தமிழ் இல்லாவிட்டால் இந்த நாட்டில் நாமெல்லாம் பாதி மலாயும் பாதி ஹொக்கியனும் கலந்து உளறிக்கொண்டிருப்போம் என்பது அவர் கட்சி. எழுத்தாளர் ரெ. கார்த்திகேசுவின் பெயரை அவர் வாயிலிருந்துதான் முதலில் கேட்டேன். வானொலியில் இருந்தவர், பிறகு மிண்டனில் இருக்கும் அறிவியல் பல்கலைக்கழகத்துக்கு ஒலிபரப்பும் தகவல்தொடர்பும் சொல்லிக்கொடுக்க வந்துவிட்டார் என்று வாத்தியார் சொன்னதும் மாமா கத்தியை நிறுத்தினார். "அங்காசாபுரி ஆளு இங்க பினாங்குலயா இருக்காரு? அப்ப அவருக்கு யாரு முடி வெட்டுறா?"

பினாங்குதான் ரேடியோவின் தாய்வீடு என்று மாமா அடித்துப் பேசுவார். 1934-இல் பினாங்கு வயர்லெஸ் சங்கம் இசட்.எச்.ஜே. என்ற அழைப்பெழுத்தோடு ஒலிபரப்பு நடத்தியது உண்மை. மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் என்று நான்கு மொழியிலும் அதில் பாட்டு வந்தது. ஆனால் ஜொகூரில் 1921-லேயே வயர்லெஸ் சங்கம் வைத்துவிட்டார்கள். இதை நான் பெரியவனாகிப் புத்தகத்தில் படித்துவிட்டு அவரிடம் சொன்னபோது, "ஜொகூர்ல வச்சான், சரி. தமிழ்ல பாடுனானா?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

மாமாவின் அப்பா காலத்துக் கடை அது. ஜப்பான்காரன் காலத்தில் வெளிநாட்டு ஒலிபரப்பைக் கேட்கக் கூடாது. சிற்றலை எடுக்காதபடி ரேடியோவை வெட்டிவிட்டுத்தான் வைத்துக்கொள்ள விடுவார்கள். மறைத்து வைத்துக் கேட்டவனைக் கெம்பெய்த்தாய் கொண்டுபோனால் திரும்பி வருவது சந்தேகம். மாமாவின் அப்பா கடையை அடைத்துவிட்டு, தலையில் ஒரு கம்பளியைப் போர்த்திக்கொண்டு, மாட்டு மடியில் கன்று முட்டுவது போல ரேடியோவோடு ஒட்டிக் கிடப்பாராம். "எங்கப்பா சத்தத்தக் குறைச்சுக் குறைச்சே செவிடாப் போனாரு. நான் கூட்டிக் கூட்டிப் போகப் போறேன்" என்பார் மாமா.

கூட்டுவது எப்போது என்பதற்கு ஒரு முறை இருந்தது. தண்ணீர் இலாகாவில் வேலை செய்த பெரியப்பா பேச்சை ஆரம்பிக்குமுன் பஸ் நிற்குமிடத்தை ஒரு தடவை எட்டிப் பார்ப்பார். அவ்வளவுதான், மாமாவின் கை குமிழுக்குப் போய்விடும். சௌந்தரராஜனோ சுசீலாவோ கடையை நிறைப்பார்கள், பிளேடுகள் கிணுகிணுக்கும், தலைகள் எல்லாம் ஒன்றாகக் கூடும். வெளியே நிற்கிறவனுக்குப் பாட்டு மட்டும்தான். என் தலையோ மாமாவின் இடக்கையில், முகவாய் நெஞ்சில் இடிக்கும்படி குனிந்திருக்கும். காது மட்டும் சும்மா. எந்த வீட்டை இடிக்கப் போகிறார்கள், எந்த ஆபீசில் யாருக்கு வேலை நிரந்தரமானது, யார் கட்சித் தேர்தலில் யாருக்கு எவ்வளவு சோறு போட்டார், குடியுரிமை இல்லாதவரின் சிவப்பு அட்டையைக் குடிமகனின் நீல அட்டையாக மாற்ற எத்தனை தடவை நடக்க வேண்டும், எல்லாம் பாட்டின் சரணங்களுக்கு நடுவில் வந்து சேர்ந்தன. எனக்கு இன்றும் சில பழைய பாட்டுகளைக் கேட்டால் வரிகளோடு சேர்ந்து சிவப்பு அட்டை ஞாபகம் வருகிறது. பாட்டு முடிந்து அறிவிப்பாளர் வாயைத் திறந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்து இருமுவார்கள்.

வீட்டில் கதை வேறு. அம்மா கெடாவில் ஒரு கித்தாத் தோட்டத்தில் பிறந்தவர். மலாயாவின் அவசரகாலத்தில் வளர்ந்தவர். தோட்டத்து மக்கள் கேட்கட்டும் என்று அரசாங்கம் பொது ரேடியோ வைத்துக் கொடுத்த காலம் அது. "எங்களுக்கு ரேடியோன்னா கம்பத்துல கட்டியிருந்த புனல். கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. கிராணி வீட்டு நாய்கூட அதக் கேட்டுத்தான் ஆகணும்" என்பார். அதனாலோ என்னவோ, சொந்தமாக ஒரு டிரான்சிஸ்டர் வந்ததும் அதை அடுக்களையில் ஒரு ஆளை உட்கார வைப்பது போலப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். நடுவில் யாரும் பேசக் கூடாது. டாக்டர் இனிப்பு நீர் பற்றிப் பேசிய மறுநாள் காலை அப்பாவின் கோப்பியில் சீனி இல்லை. அப்பா ஒன்றும் சொல்லாமல் குடித்துவிட்டுக் கிளம்பி, மார்க்கெட் முனைத் தேநீர்க் கடையில் ஒரு தே தாரேக் குடித்துவிட்டு மலைக்குப் போனார். இது மூன்று வருடம் நடந்தது. டாக்டர் ரேடியோவில் பேசிய அந்தப் பதினைந்து நிமிடத்துக்கு எங்கள் வீட்டில் இருந்த மரியாதை, அப்பாவின் முப்பது வருடப் பேச்சுக்கு இல்லை.

1985 செப்டம்பர் 14, சனிக்கிழமை. பினாங்குப் பாலம் போக்குவரத்துக்குத் திறந்த நாள். எனக்குப் பதினொரு வயது. தலை முடி நீளமாக இல்லை, இருந்தாலும் கடைக்குப் போனேன். உட்கார இடமில்லை. பதின்மூன்றரை கிலோமீட்டர் நீளம் என்று ரேடியோ சொல்லச் சொல்ல, அதுவரை ஃபெரியை விட்டால் வேறு வழியில்லாமல் இருந்த தீவுக்காரர்களின் முகம் மலர்ந்தது. பொதுப்பணி அமைச்சர் சாமிவேலு, நம்ம ஆள். அதிலும் பாதிப் பேருக்கு நெஞ்சு விம்மியது. ரேடியோவில் பேசியவர்கள் பாலத்தை நாட்டின் பெருமை என்றார்கள், வளர்ச்சி என்றார்கள், தீவும் பெருநிலமும் கைகோத்தன என்றார்கள். அப்போது தண்ணீர் இலாகா பெரியப்பா வாசலைப் பார்த்தார். மாமா குமிழைத் திருகினார். நாட்டுப் பெருமை உச்சத்தில் முழங்க, கீழே குனிந்த தலைகளுக்குள் ஒரே சொல் சுற்றி வந்தது: ஏழு வெள்ளி.

காடிக்கு டோல் ஏழு வெள்ளி. மாமாவின் கணக்கில் அது மூன்றரைத் தலை.

இந்தக் கணக்கால் எனக்கு ஒரு கேடு வந்தது. அந்த வருடம் பள்ளியில் பேச்சுப் போட்டி. தலைப்பு பினாங்குப் பாலம். நான் அங்காசாபுரிக் குரலை நன்றாகப் பழகிவைத்திருந்தேன். "பெருமதிப்பிற்குரிய நீதிபதிகளே" என்று தொடங்கி, கைகோத்த தீவையும் பெருநிலத்தையும் நிறுத்திச் சொல்லி, கைதட்டும் வாங்கிவிட்டேன். அந்தக் கைதட்டில் கொஞ்சம் தலை கனத்துப்போய், மனப்பாடம் செய்யாத ஒன்றைச் சேர்த்தேன். இந்தப் பாலத்தில் ஒருமுறை போகும் காசில் மூன்றரைப் பேருக்கு முடி வெட்டலாம் என்று அதே சுத்தமான தமிழில், அதே ஏற்ற இறக்கத்தோடு. மண்டபம் சிரித்தது. நீதிபதிகளில் ஒருவர் கைக்குட்டையை எடுத்து வாயை மூடிக்கொண்டார். பரிசு கிடைக்கவில்லை. மறுநாள் தலைமையாசிரியர் அப்பாவைக் கூப்பிட்டு, பையன் எங்கே போய் வருகிறான் என்று விசாரித்தார். வீட்டில் ரோத்தான் இறங்கியது. அடித்து முடித்துவிட்டு அப்பா கேட்டார்: "அந்த மூணரை... அரைத் தலைன்னா எப்படிடா?"

விவரம் மாமாவின் காதுக்குப் போயிருந்தது. அடுத்த மாதம் பலகையில் ஏறி உட்கார்ந்ததும் போர்வையைக் கழுத்தில் சுற்றிக்கொண்டே, "மேல கேக்குறத வெளிய பேசலாம். கீழ கேக்குறத வெளிய பேசக் கூடாது. இது ஒரு விசயம் தெரியாம நீயெல்லாம் என்னடா பேச்சாளன்" என்றார். அன்றைக்கு மெஷின் வழக்கத்தைவிட அதிகம் பிடுங்கியது. வேண்டுமென்றே செய்தார் என்று நான் இன்னமும் நம்புகிறேன்.

1987 அக்டோபர் கடைசியில் அந்தக் கடையில் கேட்ட அளவு பாட்டு நான் அதற்கு முன்னும் பின்னும் கேட்டதில்லை. 27-ஆம் தேதி தொடங்கியது லாலாங் நடவடிக்கை. உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் நூறு பேருக்கு மேல் பிடித்து அடைத்தார்கள். அரசியல்வாதிகள், பள்ளிக் கல்விக்காகப் பேசியவர்கள், தொழிற்சங்கத்தார், சமயத்தார் என்று பலதரம். எங்கள் பினாங்கின் ஜெலுத்தோங் நாடாளுமன்ற உறுப்பினர் கர்ப்பால் சிங்கும் உள்ளே. மூன்று பத்திரிகைகளை நிறுத்தினார்கள். அதில் ஒன்று 1971-இல் பினாங்கிலேயே பிறந்த தி ஸ்டார். இன்னொன்று ஊதுபத்திக் கடை ஆ பெக் படிக்கும் சின் சியூ. தினம் காலையில் பேப்பரை முழங்கால் மேல் விரித்துக்கொண்டு எழுத்தெழுத்தாக விரல் ஓட்டுகிற மனிதர். அன்று கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் முழங்கால் மேலேயே விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்புறம் எழுந்து எங்கள் கடைக்குள் வந்தார். அவர் சுவரில் கம்பி வழி வரும் ரெடிஃப்யூஷன் பெட்டி இருந்தது. அதில் ஹொக்கியன் கதை கேட்பார். எங்கள் ரேடியோவுக்கும் அவருக்கும் எந்த உறவும் இல்லை.

மாமா அவரைக் காலியாக இருந்த நாற்காலியில் உட்கார வைத்தார். போர்வை போடவில்லை. ஹொக்கியனில் ஏதோ கேட்டார். மாமாவின் ஹொக்கியன் சந்தைக்குப் போதுமானது, அரசியலுக்குக் கொஞ்சம் குறைவு. அவர் ஒரு கையை உயர்த்திக் குமிழைத் திருகினார். ஒரு காதல் பாட்டு. அதற்கடியில் ஹொக்கியனும் தமிழும் உடைந்த மலாயும் கலந்து, யாரை எங்கே கொண்டுபோனார்கள், எத்தனை நாள் வைப்பார்கள், வீட்டாருக்குச் சொன்னார்களா என்று ஓடியது. ஆ பெக்குக்கு அந்தப் பாட்டில் ஒரு சொல் தெரியாது. ஆனால் பாட்டு முடியப் போகும்போது அவர்தான் முதலில் பேச்சை நிறுத்தினார். எப்படிக் கண்டுபிடித்தாரோ! முப்பது வருடம் பக்கத்துச் சுவரில் இருந்தவருக்கு அவ்வளவுகூடத் தெரியாதா என்று இப்போது தோன்றுகிறது.

இனி ஒரு ஞாயிற்றுக்கிழமை. 1988 ஜூலை 31.

புக்கிட் மெர்தாஜமில் செயின்ட் ஆன் மாதா திருவிழா. எங்கள் அத்தை போயிருந்தார். நாங்கள் முருகனைக் கும்பிடுகிற குடும்பம்தான். ஆனால் பிள்ளையில்லாமல் ஒன்பது வருடம் கழித்து அந்த மாதாவிடம் வேண்டித்தான் மகன் பிறந்தான் என்று அத்தைக்கு ஒரு கணக்கு. வருடா வருடம் மெழுகுவத்தி கொண்டுபோவார். பாலம் வந்த பிறகும் கூட்டத்தோடு ஃபெரியில் போய் வருவதுதான் அவருக்குத் திருவிழா. அதே நாளில் அந்தப் பக்கம் சீனர்களின் குவான் இன் விழாவும் சேர்ந்துகொண்டது.

ஞாயிறு மாலை கடையில் நல்ல கூட்டம். நான் பலகை வேண்டாத வயதுக்கு வந்துவிட்டேன். பெஞ்சில் அப்பாவோடு உட்கார்ந்திருந்தேன். நாற்காலியில் துறைமுக அண்ணன், முகம் முழுக்க நுரை, இடக் கன்னம் மட்டும் வழித்தாகியிருந்தது. 1-ஆம் நம்பர் பஸ் வந்து நின்றது. இறங்கிய ஒரு பெண் அழுதுகொண்டே எதிர்ப்பக்கம் ஓடினார். டிரைவர் சன்னலிலிருந்து எங்கள் கடையைப் பார்த்துச் சொன்னார்: பட்டர்வொர்த்தில் ஃபெரி மேடை விழுந்துவிட்டது, மேலே நின்ற ஜனம் அத்தனையும் கீழே.

மாமாவின் கை குமிழுக்குப் போனது. பிளேடுகள் கிணுகிணுத்தன. பழக்கதோஷம், நான் தலையைக் குனிந்து காதைத் தீட்டிக்கொண்டேன். கீழே எந்தச் சத்தமும் வரவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். எல்லோரும் பலகையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள், அப்பாவும். நூறு கண்ணாடிகளிலும் அண்ணாந்த முகங்கள். ரேடியோவில் ஏதோ பாட்டு, அப்புறம் இன்னொரு பாட்டு. யாரும் அதை நிறுத்தச் சொல்லவில்லை. எந்த நொடியிலும் பாட்டு அறுந்து குரல் வரும் என்று காத்திருந்தார்கள். செய்தி வந்தபோது அங்காசாபுரிக் குரல் எப்போதும்போலச் சலவைச் சட்டையோடுதான் இருந்தது. 'பயணிகள்', 'மீட்புப் பணிகள்' என்றெல்லாம் சொன்னது. எத்தனை பேர் என்பது அப்போது தெரியவில்லை. அன்று செத்தவர்கள் 32 பேர். காயம்பட்டவர்கள் ஆயிரத்துக்கு மேல். துறைமுக அண்ணனின் வலக் கன்னத்து நுரை காய்ந்து வெடித்து, உப்புப் பூத்த சுவர் போலாகியிருந்தது. அதைத் துடைத்துக்கொள்ளாமலே எழுந்து சைக்கிளை எடுத்தார். ஜெட்டிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றார். பாதி சவரத்தோடுதான் போனார்.

அப்பா அசையவில்லை. கிரீஸ் ஏறிய விரல்களை ஒவ்வொன்றாக வேட்டி நுனியால் துடைத்துக்கொண்டே இருந்தார்.

அத்தை ராத்திரி பதினோரு மணிக்கு வந்தார். மெழுகுவத்தி ஏற்றும் வரிசை நகராததால் மேடைக்கு வந்து சேரத் தாமதம். வரும்போதே போலிஸ் மறித்துவிட்டது. யாரோ ஒரு குடும்பத்தின் வேனில் ஏறி, பாலத்தின் வழியாக வந்திருக்கிறார். கையில் மாதா கோயில் தீர்த்தப் பாட்டில். எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏன், யாரும் சமைக்கலியா?" என்று கேட்டார். அவருக்கு விவரம் முழுதும் தெரியாது. பெரியவர்கள் அழுதார்கள். அப்பா என்னைத் தனியே கூப்பிட்டு, மாமாவிடம் போய்ச் சொல்லிவிட்டு வா என்றார். அந்த நேரத்தில் கடை அடைத்திருக்குமே என்று நினைத்துக்கொண்டுதான் ஓடினேன். அடைக்கவில்லை. ஒற்றைப் பல்பின் கீழே மாமாவும் ஆ பெக்கும் உட்கார்ந்திருந்தார்கள். ரேடியோ நிலையம் மூடிவிட்டதோ, ஸ்டேசன் நழுவிவிட்டதோ, வெறும் இரைச்சல்தான் வந்துகொண்டிருந்தது. அத்தை வந்துவிட்டார் என்றேன். மாமா ஆ பெக்குக்கு அதை ஹொக்கியனில் சொல்லிவிட்டு எழுந்து குமிழை இடப்பக்கமாகக் கடைசிவரை திருகினார். 'டக்' என்று அது அணையும் சத்தத்தை அன்றுதான் முதலில் கேட்டேன். அதுவரை நான் இருந்த நேரத்தில் அவர் அதை அணைத்ததே இல்லை.

தொண்ணூறுகளில் நேயர்கள் தொலைபேசியில் பேசும் நிகழ்ச்சிகள் பெருகின. கடையில் பெரிய எதிர்பார்ப்பு. இத்தனை வருடம் கீழே பேசியதை மேலே பேசலாம் என்றால் சும்மாவா! துறைமுக அண்ணன்தான் முதலில் துணிந்தார். மழைக்குச் சாக்கடை வழிந்து மார்க்கெட்டுக்குள் வருவதைப் பற்றிப் பேசுவதாக ஏற்பாடு. பொதுத் தொலைபேசிக்குக் காசோடு போனார். நாங்கள் கடையில் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தோம். அவர் குரல் வந்தது. ஆனால் அது அவர் குரல் இல்லை. "வணக்கம். யான் பினாங்கு மாநிலம், ஆயர் ஈத்தாம் வட்டாரத்திலிருந்து உரையாடுகிறேன்" என்றது. 'யான்' என்றதும் வாத்தியாரே வாய்விட்டுச் சிரித்துவிட்டார். அறிவிப்பாளர் நலம் விசாரித்தார். இவர் நலம் என்றார், மனைவி நலம் என்றார், மக்கள் மூவரும் நலம் என்றார். ஒரு பாடல் கேட்டார். நன்றி சொல்லி வைத்துவிட்டார். திரும்பி வந்தவரை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அவரே சொன்னார்: "அந்தத் தமிழ்ல சாக்கடைக்கு என்னான்னு தெரியல."

நான் படிப்புக்கும் வேலைக்கும் கோலாலம்பூர் போய்விட்டேன். ஊருக்கு வரும்போதெல்லாம் தலையை மாமாவிடம்தான் கொடுப்பேன். கடைசியாகப் போனபோது அவருக்குக் காது பாதிக்கு மேல் போயிருந்தது, அவர் சொன்ன மாதிரியே. பிலிப்ஸ் ஓய்ந்து, அதே பலகையில் ஒரு சின்னச் சீன ரேடியோ. தகரத் தட்டு மட்டும் மாறவில்லை. ஏதோ ஒரு நிலையத்தில் பேச்சு நடந்துகொண்டிருந்தது. விலைவாசி பற்றி நேயர்கள் கருத்துச் சொல்லலாம். ஒரு பெண் பேசினார். தயக்கமே இல்லாத, நம்ம ஊர்ச் சடக்குத் தமிழ். அரிசி விலையில் தொடங்கி, வீட்டு வாடகைக்கு வந்து, "இதெல்லாம் எதனால தெரியுங்களா சார்..." என்று இழுத்தார். அறிவிப்பாளர் சிரித்தபடி நன்றி சொன்னார். மறு நொடி, பாட்டு. முழுச் சத்தத்தில்.

தட்டில் பிளேடுகள் லேசாகக் கிணுகிணுத்தன. மாமா கத்தியை என் காதோரத்தில் நிறுத்தி, கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார்.

"கூட்டிட்டான் பாத்தியா. அந்தம்மா என்னமோ சொல்ல வந்திருக்கு."

பிறகு என் தலையை முன்னால் தள்ளி, முகவாயை நெஞ்சில் இடிக்க வைத்து, பிடரியில் நுரையைத் தடவினார்.

"சரி, இப்ப சொல்லு. கோலாலம்பூர்ல என்னா நடக்குது?"